ஸ்டூல் தெரியாத வண்டி

வாங்க வாங்க, வெயில்ல நிக்காதீங்க. இப்பிடி ஷீட்டுக்குக் கீழ வந்துருங்க. போன்ல பேசுனது நீங்கதானுங்களே, தாராபுரத்துல இருந்து? பரவால்ல, செரியாக் கண்டுபுடிச்சு வந்துட்டீங்க. காங்கேயத்துல வந்து தேங்காக் களம்னு கேட்டா ஆளுக்கு ஒரு களத்தக் காட்டுவாங்க. நாச்சிமுத்து களம்னு பேரச் சொல்லிக் கேட்டாத்தான் இங்க வர முடியும். இது உங்க பொண்ணுங்களா? ஏங்கண்ணு, நீதான் ஓட்டப் போறியா? லைசென்சு எடுத்தாச்சா? அப்பிடிச் சொல்லு. போ, ஏறி உக்காந்து நல்லாப் பாரு, சாவி அதுலயே இருக்குது. நீங்க உக்காருங்க. இந்தச் சேர்ல உக்காருங்க. வண்டிக்கு முன்னால கெடக்கற அந்தச் செவப்பு ஸ்டூலு வேண்டாம், அது அங்கயே கெடக்கட்டும்.

எதுக்கு விக்கறீங்கன்னு கேக்கறீங்க. கேக்கோணுமுங்க, கேட்டுத்தான் வாங்கோணும். ஒண்ணுமில்லீங்க, ஓட்டறக்கு ஆளில்ல, அவ்வளவுதான். எனக்குக் களத்துக்குப் பிக்கப்பு இருக்குது. இந்தக் காரு பொண்ணு பேர்ல வாங்குனது. பொண்ணு ஓட்டறதில்ல. சும்மா நிக்குது. ஒரு கீறல் இருந்தாக் காட்டுங்க பாக்கலாம். டயரு நாலும் புதுசு. நம்பரக் கூட்டிப் பாருங்க, ஆறு வரும். ஆறுன்னா சுக்கிரன். நான் எதுலயும் நம்பரு பாக்காம கை வெக்க மாட்டனுங்க.

அது உள்ள டிவி சத்தமுங்க. வீட்டுக்காரி படுத்திருக்கா, கால்ல அடி. சன்னலுக்கு அந்தப் பக்கந்தான் கட்டலு. சீரியல் போட்டா அவளுக்கு இடி விழுந்தாலும் காது கேக்காது. நாம பாட்டுக்குப் பேசலாம். காப்பித்தண்ணி நானே போட்டுக் கொண்டாரேன், கொஞ்சம் பொறுங்க.

என்ற பொண்ணுங்களா? தாரணின்னு பேரு. ஒரே பொண்ணு. மாட்டு டாக்டருக்குப் படிச்சிருக்குது. பாலு கம்பெனி ஒண்ணுல வேல. காத்தால போனா ஊரூராப் போயி மாட்டுக்கு ஊசி போடோணும், கன்னு ஈனறதுக்குக் கஷ்டப்பட்டா கைய உட்டு எடுக்கோணும். சின்ன வயசுல இருந்து அதுக்கு மாடுன்னா உசுரு. கம்பெனியில வண்டி நீங்களே வெச்சுக்கோணும்னு சொல்லிட்டாங்க. செரி, வாங்கலாம்னு ரெண்டு பேருமாத் தேட ஆரம்பிச்சோம்.

இதக் கேளுங்க. அது வண்டி பாக்க வர்றப்ப எல்லாம் என்ன பண்ணும் தெரியுங்களா? களத்துல இருந்து அந்தச் செவப்பு ஸ்டூலத் தூக்கிப் பிக்கப்புல போட்டுக்கும். ஆமாங்க, அதே ஸ்டூலுதான். எந்த வண்டியப் பாக்கப் போனாலும் மொதல்ல ஸ்டூல முன்னால வெக்கறது, அப்பறம் ஏறி உக்காந்து சீட்ட முன்ன பின்ன நகத்திப் பாக்கறது, "தெரியுதுங்கப்பா", "தெரியலீங்கப்பா"ன்னு சொல்றது. அப்பறம் எறங்கி வந்து ஸ்டூலப் பின்னால வெச்சு மறுக்கா பாக்கறது. வித்தவனெல்லாம் சிரிப்பானுங்க. ஏனம்மணி, வண்டி வாங்க வந்தியா, சங்கீத நாற்காலி வெளையாட வந்தியான்னு நானே கேட்டிருக்கறேன். அது பாட்டுக்கு அதோட வேலையப் பாக்கும். ஆளு கட்டை, அவங்கம்மா மாதிரி. ஸ்கூல்ல எப்பவும் மொத வரிசைதான்.

பெருந்துறையில ஒரு நர்சம்மா வீட்டுல ஒரு வண்டி பாத்துதுங்க. சின்ன வண்டி. வெளிறுன பச்சை. ரோட்டுல போனா தவக்கள போற மாதிரி இருக்கும். அதுல ஏறி உக்காந்துட்டு, "ஏனுங்கப்பா, ஸ்டூலு முழுசாத் தெரியுது, நாலு காலும் தெரியுது"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சுது பாருங்க. பன்னெண்டாவதுல மார்க்கு வந்தப்பக்கூட அப்பிடிச் சிரிக்கல. பிரேக்கு நல்லா இருக்குது, திருப்பறதுக்கு லேசா இருக்குது, ரெண்டு வேலிக்கு நடுவுல போற இட்டேரியில எதுக்க வண்டி வந்தா ஒதுங்கறதுக்குச் சின்னதா இருக்குது, இதே போதும்னு சொல்லுச்சு. நர்சம்மாவும் நல்ல மனுசி. அவங்க பொண்ணும் அந்த வண்டியிலதான் ஓட்டிப் பழகுச்சாம்.

நான் நம்பரக் கூட்டுனேன். எட்டு.

எட்டு நம்ம குடும்பத்துக்கே ஆகாதுங்க. எங்கய்யன் லாரி எட்டாம் நம்பருதான், ஊதியூர் பக்கம் கவுந்துச்சு. தூங்கிட்டு ஓட்டுனாருன்னு சொல்லுவாங்க, அது வேற. அதுவுமில்லாம யோசிச்சுப் பாருங்க, ஒரு டாக்டரு வந்து எறங்கறப்ப ஊருக்காரன் திரும்பிப் பாக்கோணுமா வேண்டாமா? தவக்களையில இருந்து எறங்குனா எவன் மதிப்பான்? பொட்டப்புள்ள தனியாப் போற எடம், உசரமா, கனமா, எதுக்க வர்றவன் ஒதுங்கற மாதிரி ஒரு வண்டி வேணும். நான் அது நல்லதுக்குத்தான் சொன்னனுங்க. இன்னைக்கும் சொல்றேன், அது நல்லதுக்குத்தான்.

இந்த வண்டிய நான்தான் பாத்தேன். பாத்ததும் புடிச்சுப் போச்சு. அதக் கூட்டிட்டுப் போயி ஏத்தி உக்கார வெச்சேன். ஸ்டூல முன்னால போட்டாச்சு. இப்பிடி எக்கிப் பாத்துது, அப்பிடி எக்கிப் பாத்துது. "ஸ்டூலே காணமுங்கப்பா"ன்னுச்சு. சீட்ட உசத்திப் பாரு அம்மணின்னேன். உசத்தியும் காணம். நான் என்ன சொன்னேன்? ரோட்டுல எவ ஸ்டூலு போட்டு உக்காந்து வெத்தல போடப் போறான்னு சொன்னேன். புரோக்கரு வாய் விட்டுச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். அதுவும் கொஞ்சம் சிரிச்சுது. ரெண்டு தலகாணி வாங்கித் தர்றேன், போட்டு உக்காந்துக்கன்னேன். "செரிங்கப்பா"ன்னு சொல்லிருச்சு. எப்பவும் அப்பிடித்தான், ஒரு தடவ சொல்லும், அப்பறம் செரிங்கப்பான்னுடும். வளத்த வளப்பு அப்பிடின்னு நான் ஊரெல்லாம் பெரும பேசுவேன்.

தலகாணி இன்னும் உள்ளதான் கெடக்குது. உங்க பொண்ணு அத எடுத்துப் பின்னால போட்டுருச்சு பாருங்க. போட்டுக்கச் சொல்லுங்க, உங்க பொண்ணும் உசரமில்ல.

இப்ப எதுக்கு ஓட்டறதில்லீன்னா, பயமுங்க. வேற ஒண்ணுமில்ல. மொத நாளே சின்னதா ஒரு இது ஆயிப்போச்சு. வண்டி மேல குத்தமில்ல. திஷ்டிங்க. என்ற கொழுந்தியா வந்து பாத்தா, "மாமா, உங்க புள்ளைக்கு இவ்வளவு பெரிய வண்டியா"ன்னு வாயப் பொளந்தா. அப்பவே எனக்கு மனசுல ஒரு மாதிரி...

இருங்க. உங்க பொண்ணு என்னமோ கேக்குது. ஸ்டார்ட் பண்ணிருச்சுங்களா?

நில்லு! ஏய், நில்லு கண்ணு! கால எடு, கால எடு! ஆப் பண்ணு வண்டிய! சாவியக் கழட்டிரு.

அய்யோ சாமி.

கோவிச்சுக்காதீங்க. நீயும் பயப்படாத கண்ணு, உன்னைய வையல. உன்ற மேல ஒண்ணுமே தப்பில்ல, எறங்காத, அங்கயே உக்காரு. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

நீங்க இப்ப என்ன சொன்னீங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா? உங்க பொண்ணு, "முன்னால ஆரும் இல்லீங்களேப்பா"ன்னு கேட்டுச்சு. நீங்க போனப் பாத்துக்கிட்டே, "ஆருமில்ல, எடு"ன்னீங்க. தல நிமுரல. ஆமாங்க, ஆருமில்லதான், ஸ்டூலு மட்டுந்தான் கெடக்குது. ஆனா நீங்க பாத்துச் சொல்லலியே. பாக்காம சொன்னீங்க. என்ற கண்ணு முன்னால சொன்னீங்க.

தப்பா எடுத்துக்காதீங்க. உங்களச் சொல்றதுக்கு எனக்கு என்ன யோக்கிதை இருக்குது. அதே வார்த்தைங்க. ஒரு எழுத்து மாறல.

சொல்லீர்றேன். வண்டி விக்கறதுன்னா விக்கட்டும், விக்காட்டிப் போகட்டும். ரெண்டு மாசமா நெஞ்சுக்குள்ள முள்ளாட்டம் நிக்குது.

இந்த வாசல்லதான் பூசை போட்டோம். மால போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, பூசணிக்கா சுத்தி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. நல்ல நேரம் முடியப் போகுதுன்னு நான்தான் எல்லாத்தையும் அவசரப்படுத்துனேன். தாரணி ஏறி உக்காந்துச்சு, தலகாணி மேல. கொழுந்தியா மணி அடிச்சுட்டு நின்னா. நான் அது பக்கத்துல, கதவுக்கிட்ட நின்னேன். எதுக்கு நின்னேன்? பாத்துச் சொல்றதுக்கு. "அப்பா, எனக்கு முன்னால ஒண்ணுந் தெரியாது, நீங்கதான் பாத்துச் சொல்லோணும்"னு அது முன்னாலயே சொல்லி நிக்க வெச்சிருந்துச்சுங்க. அது எனக்குக் குடுத்த ஒரே வேல அதுதான்.

வாசலு கொஞ்சம் சரிவு, பாத்தீங்கல்ல. முன் டயருல வெச்ச பழம் ஒண்ணு உருண்டு போச்சு. என்ற வீட்டுக்காரி கலாமணி, அவளுக்கு எல்லாம் செரியா இருக்கோணும், பழத்த எடுத்து மறுக்கா டயருக்கு அடியில வெக்கறக்குக் குனிஞ்சா. குனிஞ்சா எவ்வளவு உசரம் இருப்பா? அந்த ஸ்டூலு உசரந்தானுங்க.

நான் எங்க பாத்துட்டு இருந்தேன்? போன. மால போட்ட வண்டியப் போட்டோப் புடிச்சுப் பங்காளிங்க குரூப்புல போட்டுட்டு இருந்தேன். அவிநாசியில என்ற பங்காளி ஒருத்தன் போன மாசந்தான் புது வண்டி எடுத்துப் போட்டோ அனுப்பியிருந்தான். அவனுது இத விடச் சின்னது. அதுதான் என்ற மண்டையில ஓடிட்டிருந்துச்சு.

"ஏனுங்கப்பா, முன்னால ஆரும் இல்லீங்களே?"ன்னு கேட்டுச்சு. "ஆருமில்ல, எடு"ன்னேன்.

சத்தம் கேட்டுத்தான் நிமுந்தேன். வலது பாதத்து மேல டயரு. நல்லவேளை, பக்கவாட்டுல சாஞ்சுட்டா. இல்லீன்னா, வேண்டாமுங்க, அத நான் நெனைக்கறதே இல்ல. எலும்பெல்லாம் நொறுங்கிருச்சு. பிளேட்டு வெச்சு ஸ்குரு போட்டிருக்குது. இன்னும் ஊனி நடக்க முடியல, கக்கூசுக்குப் போறதுன்னாலும் ஒருத்தரு தாங்கிப் புடிக்கோணும்.

இதுவரைக்கும் நடந்தது எனக்கு மறந்தாலும் மறந்துரும். அடுத்தது மறக்காதுங்க.

ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டாரு, எப்பிடி ஆச்சுன்னு. நான் வாயத் தொறந்தேன். "பொண்ணு பாக்காம எடுத்துருச்சுங்க"ன்னு வந்துருச்சு. நான் நெனச்சுச் சொல்லல, சத்தியமா நெனச்சுச் சொல்லல, வந்துருச்சு. தாரணி பக்கத்துலதான் நின்னுச்சு. துணியெல்லாம் குங்குமம். என்னைய ஒரு பார்வ பாத்துது. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். அது டாக்டருகிட்ட, "ஆமாங்க சார், நான்தான் பாக்கல"ன்னு சொல்லுச்சு.

அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுங்க. இல்லீங்க, நான்தான் எடுன்னு சொன்னேன்னு. ஒரு வாக்கியம். சொல்லல. சாயங்காலம் சொல்லலாம்னு நெனச்சேன். சாயங்காலம் பாக்க வந்த ஒறம்பரை சனமெல்லாம், புள்ளைக பாக்காம எடுத்தா இப்பிடித்தான் ஆகும்னு பேசிட்டு இருந்தாங்க. ஆப்பரேசன் முடியட்டும்னு நெனச்சேன். வீட்டுக்கு வரட்டும்னு நெனச்சேன். நாள் போகப் போக அது பெருசாயிட்டே போகுதுங்க. இப்பச் சொன்னா, இத்தன நாளு ஏஞ் சொல்லலன்னு கேப்பாங்கல்ல?

மணிச் சத்தத்துல கலாமணிக்கு எதுவும் கேக்கல. அவளுக்கு மக மேலதான் கோவம். பெத்த கோவந்தான், வேற என்ன. ஆனா வாய் சும்மா இருக்குமா? தாரணி காத்தால எந்திரிச்சு அவளுக்குத் தண்ணி வாத்து, துணி மாத்தி, கஞ்சி கொண்டாந்து குடுத்தா, "பாத்துக் கொண்டா, இதையும் மேல கொட்டிராத"ம்பா. அது ஒரு வார்த்த எதுத்துப் பேசாது. ஒரே ஒரு வார்த்த போதுமில்லீங்களா அதுக்கு? "அப்பா எடுன்னாரும்மா." ரெண்டே சொல்லு. சொல்லிருந்தா நான் இல்லேன்னு மறுத்திருக்க மாட்டேன். மறுத்திருப்பனா? தெரியலீங்க. அதுதான் பயமா இருக்குது.

அது எங்கூட நல்லாத்தான் பேசுது. சாப்பிட்டீங்களாப்பான்னு கேக்கும், மாத்திர போட்டீங்களாப்பான்னு கேக்கும். மூஞ்சியப் பாத்துக் கேக்க மாட்டேங்குது, அவ்வளவுதான். எனக்கே சில நேரம் கோவங்கூட வருது பாருங்க. என்ன பண்ணிட்டேன் இவளுக்கு, இவ்வளவு பெரிய வண்டி வாங்கிக் குடுத்திருக்கறேன், மூஞ்சியப் பாத்துப் பேசுனா என்னன்னு. என்ற புத்தியப் பாத்தீங்களா?

ரெண்டு பஸ்ஸு மாறிப் போகுதுங்க வேலைக்கு. எறங்குன எடத்துல இருந்து ஊருக்காரங்க பைக்குல கூட்டிட்டுப் போவாங்க. ஒரு நாள் சாயங்காலம் முத்தூரு பக்கத்துல இருந்து போனு. மாடு ஈன முடியாமக் கெடக்குது, கன்னுக்குட்டி திரும்பி நிக்குது, டாக்டரம்மா ஒடனே வாங்கன்னு. பஸ்ஸு இல்லாத நேரம். நான் பிக்கப்ப எடுத்துட்டுத் திருப்பூரு போயிருந்தேன். சாவிய எடுத்துட்டு இந்த வண்டிகிட்ட வந்துச்சாம். கதவத் தொறந்துச்சாம். ரொம்ப நேரம் அப்பிடியே நின்னுட்டு, சாவிய ஆணியில மாட்டிட்டு, இன்னொரு டாக்டருக்குப் போனு பண்ணி அவரப் போகச் சொல்லியிருக்குது. அவரு போயிச் சேர்றக்குள்ள கன்னுக்குட்டி போயிருச்சு. மறுநாளு அந்த ஊருக்காரரு எங்கிட்டச் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அதுக்கு அடுத்த வாரம் கம்பெனியில எழுதிக் குடுத்துருச்சு. ஊரூராப் போற வேல வேண்டாம், தீவன ஆபீசுல கம்ப்யூட்டருக்கு முன்னால உக்கார்ற வேல குடுங்கன்னு. குடுத்துட்டாங்க. திங்கக்கெழம அங்க போகுது. இன்னைக்குத்தான் கடேசி. எங்கியோ ஒரு மாட்டுக் கொட்டாயில நிக்கும் இப்ப. அஞ்சரை வருசம் படிச்ச படிப்புங்க. மாட்டத் தொடாத மாட்டு டாக்டரு.

வண்டிய வித்துட்டா எல்லாம் செரியாப் போயிரும்னு நெனச்சுத்தான் உங்கள வரச் சொன்னேன். கண்ணு முன்னால நிக்காம இருந்தா அதுவும் மறந்துரும், நானும் மறந்துருவேன்னு. தெனமும் காத்தால எல்லாரும் எந்திரிக்கறதுக்கு முன்னால நான் என்ன பண்றேன் தெரியுங்களா? அந்த ஸ்டூல முன்னால போட்டுட்டு ஏறி உக்காந்து பாக்கறேன். நான் ஆறடி. தலகாணி போட்டும் பாத்தேன். எனக்கே அது தெரியலீங்க. எனக்கே தெரியல. தாரணி ஏறி உக்காந்த மொத நாளே சொல்லுச்சு, நான் புரோக்கரு முன்னால கேலி பண்ணிச் சிரிச்சேன்.

அந்த எட்டாம் நம்பரு வண்டி? விசாரிச்சனுங்க. ஒரு டீச்சரு வாங்கியிருக்காங்களாம். நல்லா ஓடுதாம்.

நீங்க வேண்டாம்னுட்டுப் போனாலும் எனக்கு வருத்தமில்ல. உங்க பொண்ணுக்கு எது தெரியுதோ அத வாங்கிக் குடுங்க. நம்பரெல்லாம் கூட்டாதீங்க. அது என்ன கேக்குதோ, போனக் கீழ வெச்சுட்டு...

ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். டிவி சத்தம் எப்ப நின்னுச்சு?

நீங்க கவனிச்சீங்களா? நான் கவனிக்கல. உங்க பொண்ணப் பாத்துக் கத்துனனே, அப்பவா? அப்பவே நின்னுருச்சா? அப்ப இருந்தேவா?

சன்னலு தொறந்துதான் இருக்குது.

ஏம் புள்ள? கலாமணி? முழிச்சுட்டுத்தான் இருக்கறியா?

கூப்புடறா. இருங்க, என்ன சொல்றான்னு கேட்டுட்டு வர்றேன்.

...

கத்துவான்னு நெனச்சனுங்க. கஞ்சி வட்டல எடுத்து வீசுவான்னு நெனச்சேன். எம் மூஞ்சியவே பாக்கல. சொவத்தப் பாத்துட்டு, "தாரணிக்குப் போனு போட்டு எங்கையில குடுங்க"ன்னா. போட்டுக் குடுத்தேன். ரிங்கு போகுது. "நீங்க வெளிய போங்க"ன்னா.

அதுதான் வந்துட்டேன்.

எடுத்துருச்சு போல. கேக்குதுங்களா? "கண்ணு"ங்கறா. அவ்வளவுதான் சொல்றா. அதுக்கு மேல பேச முடியாம அழுகறா.

உள்ள போறதா, இங்கயே நிக்கறதான்னு எனக்குத் தெரியலீங்க. நீங்க கெளம்பறதுன்னாக் கெளம்புங்க. பொண்ண எறங்கச் சொல்லுங்க. மெதுவா, கதவுக்குக் கீழ படி இருக்குது, அதுக்குத் தெரியாது, நீங்க போயிக் கையப் புடிச்சு எறக்குங்க.